கடலுணவுக் கம்போவின் சுவை ஓட்டில் இருக்கிறது

லூசியானா மாநிலத்தின் லஃபாயெட் நகரில், இலையுதிர்காலத்தின் முதல் வாடைக்காற்று வீசும் நாளன்று பல வீடுகளில் கம்போ என்னும் குழம்பு கொதிக்கத் தொடங்கிவிடும். அத்தகைய நாளை அங்குள்ளவர்கள் ‘கம்போ வானிலை’ என்றே குறிப்பிடுகிறார்கள். அன்று அடுப்பில் ஏறுவது பெரும்பாலும் கோழியும் புகையூட்டிய சாசேஜும் சேர்ந்த கம்போதான். இறால், நண்டு, ஆய்ஸ்டர் சிப்பி ஆகியவற்றைக் கொண்டு செய்யும் கடலுணவுக் கம்போ செலவு பிடிப்பது. கூடுதல் கவனமும் கேட்பது. ஆகையால் அது விருந்தினர் வரும் நாள்களிலும், கத்தோலிக்கர் மிகுந்த அப்பகுதியில் இறைச்சியைத் தவிர்க்கும் தவக்கால வெள்ளிக்கிழமைகளிலும் அதிகம் சமைக்கப்படுகிறது. கணவரின் பணி காரணமாக நாங்கள் அந்நகரில் குடியிருந்த ஆண்டுகளில், பக்கத்து வீட்டில் வசித்த கேஜுன் மூதாட்டியின் அடுக்களையில் உடன் நின்று இதனைக் கற்றுக்கொண்டேன்.

கேஜுன் மக்களின் முன்னோர், இன்றைய கனடாவின் நோவா ஸ்கோஷியா பகுதியில் வாழ்ந்த பிரெஞ்சு மொழி பேசிய அகேடியர்கள் ஆவர். 1755 முதல் பிரித்தானியர் அவர்களை அங்கிருந்து வெளியேற்றியபோது சிதறிப்போனவர்களில் ஒரு பகுதியினர் லூசியானாவின் சதுப்புநிலங்களையும் புல்வெளிகளையும் வந்தடைந்தனர். ஆனால் கம்போ அவர்கள் மட்டுமே கண்டுபிடித்த உணவன்று. அதிலுள்ள வெண்டைக்காய் அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர்களோடு வந்தது. ஃபீலே என்னும் இலைப்பொடி அம்மண்ணின் சொக்டா மக்களுடையது. மாவைக் கொழுப்பில் வறுக்கும் ‘ரூ’ பிரெஞ்சுச் சமையலிலிருந்து வந்து, லூசியானாவில் வேறெங்கும் காணாத அளவிற்குக் கருமை பெற்றது. 2004-இல் கம்போ அம்மாநிலத்தின் அதிகாரபூர்வ உணவாக அறிவிக்கப்பட்டது.

கம்போ பற்றிப் பேசுபவர்கள் எல்லோரும் ரூவைப் பற்றியே பேசுவார்கள். கோழிக் கம்போவைப் பொறுத்தவரை அது நியாயம்தான். கடலுணவுக் கம்போவிலோ, இறாலின் தலையிலிருந்தும் நண்டின் ஓட்டிலிருந்தும் இறக்கும் சாறே சுவையைத் தீர்மானிக்கிறது என்பது என் அனுபவத்தில் உறுதிப்பட்ட கருத்து. இறால் சதை குழம்பில் கொதிப்பது சில நிமிடங்கள் மட்டுமே. அந்நேரத்திற்குள் அது குழம்பிற்குத் தரக்கூடிய சுவை மிகக் குறைவு. கடலின் சுவை குழம்பு முழுவதும் பரவ வேண்டுமானால் அதனை ஓட்டிலிருந்துதான் எடுத்தாக வேண்டும். எனவே சந்தைக்குப் போகும்போதே சமையல் தொடங்கிவிடுகிறது எனலாம்.

பத்துப் பேருக்குச் சமைப்பதாக இருந்தால், தலையோடு கூடிய இறால் ஒன்றரை கிலோ, சிறிய நீல நண்டு ஆறு, ஓடு நீக்கிய சிப்பி அதன் நீரோடு அரை லிட்டர், உதிர்த்த நண்டுச் சதை சுமார் 450 கிராம் என்று வாங்குவேன். லஃபாயெட்டிற்குத் தெற்கே டெல்காம்பர் போன்ற சிற்றூர்களில் மீன்பிடிப் படகுகளிலிருந்தே இறாலை நேரடியாக வாங்க முடியும். மெக்சிகோ வளைகுடாவின் பழுப்பு இறால் வசந்தத்தின் பிற்பகுதியிலிருந்தும், வெள்ளை இறால் கோடையின் முடிவிலிருந்து குளிர்காலம் வரையிலும் மிகுதியாகக் கிடைக்கும். பழுப்பு இறாலுக்கு அழுத்தமான சுவை உண்டு. வெள்ளை இறால் மென்மையும் இனிப்பும் கொண்டது. அமெரிக்கப் பல்பொருள் அங்காடிகளில் உறைநிலையில் கிடைக்கும் பண்ணை இறாலில் கணிசமான பங்கு, வேடிக்கையாகத் தோன்றினாலும், இந்தியாவிலிருந்து வருவதுதான். தின்பதற்கு அதில் குறையொன்றும் இல்லை. ஆனால் பெரும்பாலும் தலையும் சில வேளைகளில் ஓடும் நீக்கப்பட்டே வருவதால், அதை மட்டும் நம்பினால் சாறு எடுக்க வழியிராது. அப்படிப்பட்ட நிலையில் வேறு எங்கிருந்தாவது தலைகளையும் ஓடுகளையும் கேட்டு வாங்குவதே நல்லது. எங்கள் வீட்டில் இறால் சமைக்கும் நாளிலெல்லாம் ஓடுகளைப் பையில் இட்டு உறைபெட்டியில் சேர்த்துவைக்கும் வழக்கம் அதனால்தான் ஏற்பட்டது.

நண்டின் மேலோட்டைப் பெயர்த்து, இருபுறமும் விரல்களைப்போல் நீண்டிருக்கும் சாம்பல் நிறச் செவுள்களைப் பிய்த்து எறிந்துவிட்டு, உடலை இரண்டாக உடைத்துக்கொள்ள வேண்டும். உள்ளே காணப்படும் மஞ்சள் நிறக் கொழுப்பைப் பலர் அருவருத்துக் கழுவிவிடுகிறார்கள். சுத்தமான நீர்நிலையிலிருந்து வந்த நண்டு என்ற நம்பிக்கை இருந்தால் அதை வழித்து வைத்துக்கொள்ளுங்கள். குழம்பிற்கு அது தரும் செறிவு அலாதியானது. பெயர்த்த மேலோடுகள் சாற்றுக்குப் போகட்டும்.

சாறு எடுப்பதற்கு, அகன்ற பாத்திரத்தில் இரண்டு கரண்டி எண்ணெய் விட்டு, இறால் தலைகளையும் ஓடுகளையும் நண்டின் மேலோடுகளையும் கொட்டி, அவை நன்றாகச் சிவந்து அடியில் பழுப்புப் படலம் ஒட்டத் தொடங்கும் வரை வறுக்க வேண்டும். தலைகளைக் கரண்டியால் அழுத்தி நசுக்கினால் உள்ளிருக்கும் சாரம் வெளிப்பட்டு எண்ணெய் செம்மஞ்சளாக மாறும். அதன்பின் நான்கு லிட்டர் குளிர்ந்த நீர், வெங்காயம் ஒன்று, செலரியின் இலைகள், பே இலை இரண்டு, சில மிளகுகள் ஆகியவற்றைச் சேர்த்து, நீர் சலசலத்துக் கொதிக்காமல் மெல்லக் குமிழிடும் சூட்டில் 40 நிமிடம் வைக்க வேண்டும். மாட்டெலும்புச் சாற்றைப் போல நாள் முழுவதும் காய்ச்சினால் சுவை கூடும் என்று எண்ணக்கூடாது. ஓடுகள் நீண்ட நேரம் வெந்தால் சாறு கசந்து, சுண்ணாம்பு வாடை பெற்றுவிடும். மேலே திரளும் நுரையை அகற்றி, மெல்லிய துணியில் வடிகட்டினால் மூன்று லிட்டருக்குச் சற்றுக் கூடுதலாகச் சாறு கிடைக்கும். பிரியாணிக்கு நாம் இடும் பிரிஞ்சி இலை வேறொரு மரத்தைச் சேர்ந்தது, அதன் மணமும் வேறு. பே இலை கிடைக்காவிட்டால் பிரிஞ்சி இலையை இடுவதைவிட எதையும் இடாமல் விடுவதே மேல்.

இனி ரூவிற்கு வருவோம். ஒரு கோப்பை எண்ணெய், ஒரு கோப்பை மைதா என்பதே எளிய கணக்கு. நெடுநேரம் சூட்டில் இருக்கப்போவதால், வாசனையற்ற சுத்திகரித்த எண்ணெயோ கடலை எண்ணெயோ ஏற்றது. வெண்ணெயில் உள்ள பாற்பொருள்கள் மாவு சிவக்கும் முன்பே கருகிவிடும். மாவு சிவக்கச் சிவக்க அதன் மணம் கூடும். ஆனால் மாவுச்சத்தின் நீண்ட இழைகள் சூட்டில் உடைந்துபோவதால், குழம்பைக் கெட்டியாக்கும் ஆற்றல் குறைந்துகொண்டே வரும். ஆகவே கருஞ்சிவப்பு ரூவில் செய்த கம்போ நீர்த்திருப்பது சமைத்தவரின் குறையன்று. அது மாவின் இயல்பு. எவ்வளவு கருமைவரை போகலாம் என்பதில் வீட்டுக்கு வீடு வழக்கு உண்டு. வேர்க்கடலை வெண்ணெய் நிறம், செப்புக் காசு நிறம், பால் சாக்லேட் நிறம், கருஞ்சாக்லேட் நிறம் என்று அங்குள்ளவர்கள் படிகளைப் பிரித்துச் சொல்கிறார்கள். கோழியும் சாசேஜும் சேரும் கம்போவிற்குக் கருஞ்சாக்லேட் நிறம் பொருந்தும். அந்த இறைச்சிகள் அதன் லேசான கசப்பையும் புகைமணத்தையும் தாங்கும். நண்டும் சிப்பியும் தாங்கமாட்டா. கடலுணவுக்குச் செப்புக் காசு நிறத்தைத் தாண்டி, பால் சாக்லேட் நிறத்தை எட்டும் முன்பே நிறுத்திவிடுவது என்பதே நான் கைக்கொள்ளும் எல்லை. பக்கத்து வீட்டு மூதாட்டி இதனினும் ஒரு படி கருமையாக வறுப்பார் என்பதையும், இதன்பொருட்டு எங்களுக்குள் கடைசிவரை உடன்பாடு ஏற்படவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ரூ வறுக்கத் தொடங்கும் முன் எல்லாக் காய்களும் நறுக்கப்பட்டு, கைக்கெட்டும் தொலைவில் இருக்க வேண்டும். கைபேசி வேறு அறையில் இருக்க வேண்டும். அடிகனமான பாத்திரத்தில் எண்ணெயை மிதமாகச் சூடாக்கி, மாவைச் சிறிது சிறிதாகத் தூவிக் கட்டியின்றிக் கலந்து, நுனி தட்டையான மரக்கரண்டியால் அடியையும் விளிம்பின் மூலைகளையும் வழித்து வழித்துக் கிளறிக்கொண்டே இருக்க வேண்டும். முதல் பதினைந்து நிமிடங்கள் ஒன்றுமே நடக்காததுபோல் தோன்றும். பொறுமையிழந்து தீயைக் கூட்டுபவர்கள் பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான் கூட்டுகிறார்கள். அதன்பின் மாவின் பச்சை வாடை நீங்கி, வறுத்த கொட்டைகளின் மணம் எழும். செம்பழுப்பை எட்டிய பிறகு நிறம் வெகு விரைவாக மாறும் என்பதால், அங்கிருந்து தீயைக் குறைத்துக்கொள்வதே பாதுகாப்பானது. மிதமான சூட்டில் மொத்தமாக 35 முதல் 45 நிமிடம் ஆகும். கறுப்புப் புள்ளிகள் தென்பட்டால் மாவு கருகிவிட்டது என்று பொருள். அந்தக் கசப்பை மறைக்க எந்த மசாலாவும் உதவாது, கொட்டிவிட்டு மறுபடியும் தொடங்க வேண்டியதுதான். விலையுயர்ந்த கடலுணவை அதில் இட்டுப் பாழாக்குவதைவிட, ஒரு கோப்பை மாவும் எண்ணெயும் போவது பெரிய இழப்பன்று. இன்னொன்றும் சொல்ல வேண்டும்: சூடான ரூ தோலில் தெறித்தால் ஒட்டிக்கொண்டு சுடும். தோலில் ஒட்டி எரியும் போர்க்கள எரிபொருளான நேபாமின் பெயரால், ‘கேஜுன் நேபாம்’ என்று அதற்கு ஒரு பட்டப்பெயரே உண்டு. முழுக்கைச் சட்டை அணிவதும், சிறுவர்களை அடுப்பருகே வரவிடாமல் இருப்பதும் அவசியம்.

ஓபலூசஸ் பகுதியில் பிறந்து, நியூ ஆர்லியன்ஸில் உணவகம் நடத்திப் புகழ்பெற்ற பால் புருடோம், எண்ணெயைப் புகையெழும் அளவிற்குக் காய்ச்சிச் சில நிமிடங்களிலேயே ரூவை முடித்துவிடும் முறையைக் கையாண்டவர். பழகிய கைகளுக்கு அது வாய்க்கும். வீட்டு அடுக்களைக்கு நான் அதைப் பரிந்துரைக்கமாட்டேன். நின்றுகொண்டு கிளற இயலாதவர்களுக்கு அதைவிட நல்ல வழியொன்று உண்டு. மாவையும் எண்ணெயையும் வார்ப்பிரும்புச் சட்டியில் கலந்து, 175 டிகிரி செல்சியஸ் சூட்டிலுள்ள ஓவனில் வைத்து, இருபது நிமிடத்திற்கு ஒருமுறை கிளறிவிட்டால், ஒன்றரை முதல் இரண்டு மணி நேரத்தில் தானாகவே சிவந்துவிடும். லூசியானாவின் எந்த மளிகைக் கடையிலும் சீசாவில் அடைத்த ரூ விற்கிறது. வேலைக்குப் போகும் கேஜுன் குடும்பங்கள் அதனைத் தயக்கமின்றிப் பயன்படுத்துகின்றன. ஆனால் அவற்றில் பல, கடலுணவுக்கு ஏற்றதைவிடக் கருமை கூடியவை.

விரும்பிய நிறம் வந்த நொடியில், பொடியாக நறுக்கிய பெரிய வெங்காயம் இரண்டையும் பாத்திரத்தில் கொட்டிவிட வேண்டும். வெங்காயத்தின் ஈரம் சூட்டைத் தணித்து, ரூ மேலும் கருகாமல் காக்கும். சீறலோடு எழும் நீராவியிலிருந்து முகத்தை விலக்கிக்கொள்ள வேண்டும். ஐந்து நிமிடம் கழித்து, பச்சைக் குடைமிளகாய் ஒன்றும் செலரித் தண்டு மூன்றும் நறுக்கிச் சேர்க்க வேண்டும். இம்மூன்றையும் சேர்த்து அங்கே ‘புனித மும்மை’ என்கிறார்கள். அவை வதங்கியதும் நசுக்கிய பூண்டு ஐந்தாறு பல், சிறிது தைம், கயேன் மிளகாய்த் தூள் ஆகியவற்றை இட்டு, சூடான ஓட்டுச் சாற்றை ஒவ்வொரு அகப்பையாக ஊற்றிக் கரைக்க வேண்டும். ஒரேயடியாகக் கொட்டினால் ரூ திரிந்து எண்ணெய் தனியே மிதக்கக்கூடும். பிறகு மெல்லிய சூட்டில் குறைந்தது ஒரு மணி நேரம் கொதிக்கட்டும். மேலே படரும் எண்ணெயை அவ்வப்போது அகப்பையால் எடுத்துவிட வேண்டும்; பச்சை மாவின் சுவை முற்றிலும் நீங்கி, ரூவும் சாறும் இரண்டறக் கலப்பதற்கு அவ்வளவு நேரம் தேவைப்படுகிறது.

வெண்டைக்காய் விஷயத்தில் தமிழ்ச் சமையல் தெரிந்தவர்களுக்கு எவரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. வத்தக் குழம்பிற்கு வெண்டைக்காயை முன்கூட்டியே வதக்கி, புளியின் உதவியால் வழவழப்பை அடக்குவதைப் போலவே, அங்கும் அரை கிலோ வெண்டைக்காயை வட்டமாக நறுக்கி, அகன்ற வாணலியில் எண்ணெய் விட்டு, இரண்டு கரண்டி வினிகர் தெளித்து, நூல் நூலாக இழுபடுவது நிற்கும்வரை இருபது முதல் முப்பது நிமிடம் தனியே வதக்குகிறார்கள். வார்ப்பிரும்பு வாணலியில் வதக்கினால் வெண்டைக்காய் கறுத்துப்போகும். துருப்பிடிக்காத எஃகு வாணலியே நல்லது. வதங்கியதைக் குழம்பில் சேர்த்துவிட்டால் அது கரைந்து, கருத்த ரூவால் தர இயலாத திண்மையைத் தரும்.

ஃபீலே என்பது சாசஃப்ராஸ் மரத்தின் இலைகளை உலர்த்தி அரைத்த பொடி. அதுவும் குழம்பைக் கெட்டியாக்கும் என்பதால், வெண்டைக்காய் இட்ட கம்போவில் ஃபீலேயைச் சேர்க்க வேண்டாம் என்று பழைய கைகள் சொல்கின்றன. வெண்டைக்காய் கிடைக்காத குளிர்காலத்திற்கு உரிய மாற்றாக அது இருந்திருக்கிறது. அதனைக் கொதிக்கும் குழம்பில் ஒருபோதும் இடக்கூடாது. இட்டால் பிசின்போல் இழுபடும். அடுப்பை அணைத்த பிறகோ, உண்பவர் தம் கிண்ணத்திலோ தூவிக்கொள்வதே முறை. தக்காளியைப் பொறுத்தவரை, பிரெஞ்சு, ஸ்பானிய, ஆப்பிரிக்க மரபுகள் கலந்த நியூ ஆர்லியன்ஸின் கிரியோல் வீடுகள் சிலவற்றில் அது உண்டு. கேஜுன் வீடுகளில் அதைச் சேர்ப்பதாகச் சொன்னால் உங்களை ஒருமாதிரியாகப் பார்ப்பார்கள். ஆண்டூயி என்னும் புகையூட்டிய சாசேஜைக் கடலுணவுக் கம்போவிலும் சேர்ப்பவர்கள் உள்ளனர். எனக்கு அது உவப்பில்லை. பாடுபட்டு இறக்கிய ஓட்டுச் சாற்றைப் புகைமணம் விழுங்கிவிடுகிறது.

இதன்பிறகு எல்லாமே வரிசையையும் நேரத்தையும் பொறுத்தது. உடைத்த நண்டுகளை, குழம்பு முடிவதற்கு அரை மணி நேரம் முன்னதாக, எடுத்து வைத்த மஞ்சள் கொழுப்போடு சேர்க்க வேண்டும். மற்ற எதுவும் இப்போது வேண்டாம். விருந்தினர் வந்து அமர்ந்து, சோறும் தயாரான பிறகுதான் உரித்த இறால் குழம்பிற்குள் இறங்க வேண்டும். ‘இறாலை எடுக்காதே, முதலில் எல்லோரும் வந்தாயிற்றா என்று வாசலைப் பார்த்துவிட்டு வா’ என்று அந்த மூதாட்டி என்னை அடுக்களையிலிருந்து அனுப்பிவைப்பார். இறால் நிறம் மாறத் தொடங்கியவுடன் சிப்பிகளையும், மணல் போக வடிகட்டிய அவற்றின் நீரையும் ஊற்றி, மறுபடி கொதி வந்தபின் மூன்று நிமிடம் விட வேண்டும். சிப்பிகளின் விளிம்புகள் சுருண்டிருப்பது அவை வெந்ததற்கு அடையாளம். வளைகுடாச் சிப்பிகளில் விப்ரியோ என்னும் கிருமி இருக்கக்கூடும் என்பதாலும், ஈரல் நோய் உள்ளவர்களுக்கு அது உயிராபத்தை விளைவிக்கும் என்பதாலும், இந்த மூன்று நிமிடத்தில் மட்டும் சுவைக்காகச் சலுகை காட்டுவதில்லை. இறாலின் மென்மையைக் காக்க விரும்பினால் சிப்பியை முதலிலும் இறாலை அடுத்தும் இடலாம். உதிர்த்த நண்டுச் சதையை அடுப்பை அணைத்த பிறகே சேர்த்து, உடையாமல் ஒருமுறை புரட்டிவிட்டால் போதும். அது ஏற்கெனவே வெந்தது. மீன் துண்டுகள் இதில் கரைந்து நாராகிவிடும் என்பதால் நான் சேர்ப்பதில்லை.

உப்பைக் கடைசிவரை தள்ளிப்போட வேண்டும். சிப்பியின் நீரிலும் நண்டிலும் உப்பு உண்டு. சாறோ வற்றிக்கொண்டே வருவது. லூசியானாவில் விற்கும் பல கலவைத் தூள்களின் உட்பொருள் பட்டியலில் முதலிடத்தில் இருப்பதும் உப்புதான். தூளையும் உப்பையும் தனித்தனியே கை நிறைய அள்ளிப்போட்டால் மீட்க வழியில்லை. காரம் மிதமாக இருந்தால் போதும். வேண்டியவர்கள் மேசையிலுள்ள மிளகாய்ச் சாஸைத் துளித்துக்கொள்வார்கள். பொடியாக அரிந்த வெங்காயத்தாளையும் பார்ஸ்லியையும் மேலே தூவிப் பத்து நிமிடம் மூடிவைத்தால் பரிமாறலாம்.

சோறு வெண்மையாக, மணமற்றதாக இருப்பது நல்லது. லஃபாயெட்டிற்கு மேற்கேயுள்ள கிரௌலி வட்டாரத்தில் நெல் வயல்கள் பரந்து கிடக்கின்றன. அங்கு விளையும் நடுத்தர, நீள அரிசிகளையே மக்கள் கம்போவிற்குச் சமைக்கிறார்கள். பாஸ்மதியின் வாசனை கடலுணவோடு முரண்படுகிறது என்பது என் எண்ணம். குழம்பு அகலக் கிண்ணத்தில் நிறைய இருக்க, சோறு அதன் நடுவே சிறு மேடாக அமைய வேண்டும். சோற்றின்மேல் குழம்பு ஊற்றிப் பிசைந்து உண்ணும் நம் விகிதத்திற்கு இது தலைகீழ். கேஜுன் வீடுகள் பலவற்றில், முட்டையும் மயோனைஸும் கலந்த உருளைக்கிழங்கு சாலடை அந்தக் கிண்ணத்திற்குள்ளேயே ஒரு கரண்டி வைத்துத் தருவார்கள். கேட்பதற்கு ஒவ்வாததாகத் தோன்றினாலும், சூடான குழம்பும் குளிர்ந்த கிழங்கும் சேரும் அந்தச் சுவையை ஒருமுறையாவது பார்த்துவிட வேண்டும்.

மிஞ்சியதை அந்தப் பெரிய பாத்திரத்தோடு அடுப்பின்மேல் விட்டுவிடக் கூடாது. ஆழமான பாத்திரத்தின் நடுப்பகுதி பல மணி நேரம் வெதுவெதுப்பாகவே இருக்கும். கடலுணவு கெட்டுப்போக அதுபோதும். ஆழம் குறைந்த பாத்திரங்களில் பிரித்து ஊற்றி, இரண்டு மணி நேரத்திற்குள் குளிர்பெட்டியில் வைத்துவிட வேண்டும். மறுநாள் சூடுபடுத்தும்போது இறாலையும் சிப்பியையும் துளைக்கரண்டியால் முதலில் எடுத்துவிட்டு, குழம்பை மட்டும் கொதிக்கவைத்து, பின்பு அவற்றைத் திரும்பச் சேர்த்து நன்கு சூடேறும்வரை வைத்திருந்தால் இறால் ரப்பராக மாறாது. முன்கூட்டியே திட்டமிட முடிந்தவர்கள், ரூவும் சாறும் காய்களும் ஒன்றாகக் கொதித்து முடிந்த கட்டத்திலேயே பாதியைத் தனியே எடுத்து உறையவைத்துவிடலாம். அடுத்தமுறை நல்ல இறால் கண்ணில் படும் நாளில் அதனைக் கொதிக்கவைத்துக் கடலுணவைச் சேர்த்தால், சோறு வேகும் நேரத்திற்குள் கம்போ தயாராகிவிடும்.